கறுப்புத் திரையைக் கண்டதும் சுவிட்சை அணைக்காதீர்கள்: பயாஸ் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதர்போர்டின் ஓரத்தில் எட்டுக் கால்களோடு ஒரு சிறு சிப் இருக்கும். பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட்தான் அதன் கொள்ளளவு. பவர் பொத்தானை அழுத்தியவுடன் கணினி முதலில் படிப்பது அதில் எழுதியிருக்கும் பயாஸ் நிரலைத்தான். ராம் எவ்வளவு, புராசசர் எது, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியவரும். அந்தச் சிப்பை அழித்து மீண்டும் எழுதுவதைத்தான் பயாஸ் புதுப்பித்தல் என்கிறோம்.

இந்த வேலையைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் அஞ்ச வேண்டிய இடம் எது என்பதில்தான் குழப்பம். சிப்பில் எழுதும் அந்தச் சில நிமிடங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே கடந்துவிடும். எழுதுவதற்கு முன்பு தவறான கோப்பை எடுத்ததும், எழுதி முடித்த பிறகு பதற்றத்தில் மின்சாரத்தைத் துண்டித்ததும்தான் நல்ல போர்டுகளை வீணாக்குகின்றன.

பேச்சு பொதுவாகப் போய்விடாமலிருக்க ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். புராசசர் தயாரிக்கும் ஏஎம்டியின் பி450 சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) 2018இல் வந்தது. அது உள்ள போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5 2600 புராசசரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். அதே போர்டில் ரைசன் 5 5600 அல்லது 5800எக்ஸ்3டி போட்டால் கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் கிடைக்கும். ஆனால் போர்டு வாங்கிய காலத்துப் பயாஸுக்கு அந்தப் புராசசர்களை அடையாளம் தெரியாது. ஆகவே புதுப்பித்தே ஆக வேண்டும்.

இங்கே நடக்கும் முதல் தவறு, வரிசையை மாற்றுவது. புதுப் புராசசர் கையில் வந்த உற்சாகத்தில் பழையதைக் கழற்றி, சிலர் விற்றும் விடுகிறார்கள். பிறகு புதியதைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை வராது. புதுப் புராசசர் கெட்டது என்று கடைக்காரரோடு சண்டை தொடங்கும். அதில் பழுது எதுவும் இல்லை. பயாஸுக்கு அது யாரென்று தெரியவில்லை, அவ்வளவுதான். பழைய புராசசர் அதன் இடத்தில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து, விண்டோஸ் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, அதன்பின் புராசசரை மாற்றுங்கள். புதியது சரியாக ஓடும் வரை பழையதை விற்காதீர்கள்.

அடுத்தது போர்டின் பெயர். பெட்டியின் மேல் பி450 என்று போட்டிருக்கிறது, அது போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. எம்எஸ்ஐயின் பி450 டொமஹாக் வேறு, பி450 டொமஹாக் மேக்ஸ் வேறு. முன்னதில் 16 மெகாபைட் சிப், பின்னதில் 32. ஜிகாபைட்டின் பி450எம் டிஎஸ்3எச் ஒரு போர்டு, அதன் பின்னால் வி2 என்று சேர்ந்தால் அது இன்னொரு போர்டு. போதாக்குறைக்கு ஒரே பெயரில் வெவ்வேறு ரிவிஷன்களும் (திருத்திய வடிவங்களும்) வரும். அந்த எண் போர்டின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பில்லையோ அட்டைப் பெட்டியையோ நம்பாமல், விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்தைத் திறந்து பேஸ்போர்டு (அதாவது மதர்போர்டு) வரிகளையும் பயாஸ் பதிப்பு வரியையும் பாருங்கள். கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்து ரிவிஷன் எண்ணையும் படித்துவிடுங்கள். போர்டுக்குள் இருக்கும் புதுப்பிக்கும் கருவி பொருந்தாத கோப்பைப் பெரும்பாலும் மறுத்துவிடும். அந்தக் காவலை மட்டும் நம்பி இறங்குவது சரியல்ல.

கோப்பைத் தயாரிப்பு நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில், உங்கள் மாடலுக்கு உரிய இடத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் மென்பொருள்களைப் பயாஸின் பக்கமே விடாதீர்கள். கோப்பை எடுத்த இடத்திலேயே சிறு எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் விடுவதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். இந்தப் பதிப்புக்குப் போகுமுன் இன்ன பதிப்பை முதலில் நிறுவ வேண்டும் என்று அதில் இருக்கலாம். இதற்குப் பின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்றும் இருக்கலாம். 16 மெகாபைட் போர்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு: புதுப் புராசசர்களுக்கு இடம் வேண்டும் என்பதால், ஏஎம்டியின் பழைய ஏ வரிசைப் புராசசர்களுக்கான ஆதரவைச் சில பதிப்புகளில் நீக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட பழைய புராசசரை வைத்துக்கொண்டு அந்தப் பதிப்பை எழுதினால், எழுதி முடித்த மறுநிமிடமே அந்தப் புராசசரை போர்டு ஏற்காது.

ஓடுகிற கணினியை ஏன் தொட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. எனக்கும் அதில் பாதி உடன்பாடு. எந்தக் குறையும் இல்லாமல், பாதுகாப்புத் திருத்தமும் நிலுவையில் இல்லாமல் இருந்தால் தொட வேண்டியதில்லை. பீட்டா என்று குறித்த பதிப்பையும் தேவையின்றித் தொடாதீர்கள். ஆனால் தொட்டே தீர வேண்டிய நேரங்களும் உண்டு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி புராசசர்கள் சில, மிகையான மின்னழுத்தத்தால் கருகின. புராசசரின் எஸ்ஓசி என்ற பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்திய திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் நிலைகுலைந்த விவகாரத்திலும் 2024இல் மைக்ரோகோடு (புராசசரின் உள் நிரல்) திருத்தம் அதே வழியில் வந்தது. அத்தகைய புராசசரை வைத்துக்கொண்டு பழைய பயாஸிலேயே இருப்பதுதான் ஆபத்து.

பிட்லாக்கர் என்னும் பொறி

கோப்பையும் பென்டிரைவையும் தயார் செய்தவர்கள்கூட மறந்துவிடுவது இதைத்தான். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், உரிமையாளருக்கே தெரியாமல், விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸை நிறுவியபோதே அது நடந்திருக்கும். பயாஸ் மாறினால், குறியாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி, பழைய நிலை மாறிவிட்டது என்று கண்டு சாவியைத் தர மறுக்கலாம். அப்போது கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். எண் கையில் இல்லை என்றால் குழந்தையின் படங்கள், அலுவலகக் கோப்புகள் அனைத்தும் அந்த நீலத் திரைக்குப் பின்னால் போய்விடும். போர்டு போனால் இன்னொன்று வாங்கலாம். இதற்கு மாற்று இல்லை.

ஆகவே வேலையைத் தொடங்குமுன், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த மீட்பு எண் இருக்கிறதா என்று வேறொரு கருவியில், கைப்பேசியிலாவது, திறந்து பாருங்கள். காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். முக்கியமான கோப்புகளுக்குத் தனி நகலும் எடுத்துவிடுங்கள்.

நமது பி450 உதாரணத்தில் இன்னொரு கட்டமும் வரும். புதுப் புராசசரைப் போட்டு முதன்முறை இயக்கும்போது, எஃப்டிபிஎம் (புராசசரோடு இணைந்த டிபிஎம்) தரவு மாறிவிட்டது, அழித்துப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரலாம். ஒய் அழுத்தினால் அழிக்கும், என் அழுத்தினால் அப்படியே தொடரும். மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று தெரியாமல் ஒய் அழுத்தவே கூடாது.

பென்டிரைவும் மின்சாரமும்

பென்டிரைவை ஃபேட்32 முறையில் வடிவமைக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்டதாக இருந்தால் விண்டோஸின் வழக்கமான வடிவமைப்புச் சாளரம் ஃபேட்32 வாய்ப்பைக் காட்டாமல் போகலாம். பழைய சிறிய பென்டிரைவ் ஒன்றைத் தேடி எடுப்பது எளிது. ஜிப் கோப்பை அப்படியே போடாமல் பிரித்துப் போடுங்கள்.

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குள் இருந்தபடி பயாஸைப் புதுப்பிக்கும் மென்பொருளைத் தவிர்ப்பதே நல்லது. பின்னணியில் எது குறுக்கிட்டாலும், விண்டோஸ் உறைந்தாலும் எழுத்து பாதியில் நிற்கும். பயாஸ் திரைக்குள்ளேயே இதற்கான கருவி இருக்கிறது: ஆசுஸில் ஈஸி ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ், அஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். லேப்டாப்புகளும் டெல், ஹெச்பி போன்ற பிராண்டட் கணினிகளும் வேறு வகை. அவற்றுக்கு நிறுவனமே தரும் நிரல் மறுதொடக்கம் செய்து எழுதிக்கொள்ளும். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் நன்றாக நிறைந்திருக்க வேண்டும்.

யூபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் மழையும் காற்றும் அடிக்கும் மாலையில் இந்த வேலை வேண்டாம். மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும் வேண்டாம். ஓவர்கிளாக் செய்து புராசசரின் வேகத்தைக் கூட்டியிருந்தால், ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால், எல்லாவற்றையும் இயல்புநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு எழுதுங்கள். நிலையற்ற ராம் வழியாகப் போகும் தரவு சிதைய வாய்ப்புண்டு. இருக்கும் அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் உதவும். பயாஸுக்குள் சேமித்து வைத்த பழைய புரொஃபைலைப் புதுப் பதிப்பில் ஏற்றுவது சரிவராது. ஒவ்வொன்றையும் கையால்தான் மீண்டும் அமைக்க வேண்டும்.

திரை வராத அந்தச் சில நிமிடங்கள்

இனி மிக முக்கியமான கட்டம். எழுதி முடிந்தது, கணினி தானாக மறுதொடக்கம் ஆனது, திரை கறுப்பாகவே இருக்கிறது. விசிறி வேகமாகச் சுற்றி நின்று மீண்டும் சுற்றுகிறது. அரை நிமிடம் ஆகிறது. ஒரு நிமிடம். கை சுவிட்சுக்குப் போகிறது. போக விடாதீர்கள்.

புதுப் பயாஸ் முதன்முறை எழும்போது ராமைப் புதிதாகப் பழக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு ராம் பட்டைக்கும் எந்த மின்னழுத்தம், எந்த நேர இடைவெளி சரியாக வரும் என்று சோதித்துச் சோதித்து முடிவு செய்கிறது. டிடிஆர்4 வகை ராம் போடும் போர்டில் இது விரைவாக முடியலாம். அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 போர்டில், அதுவும் நிறைய ராம் இருந்தால், பல நிமிடங்கள் எடுக்கும். இடையில் கணினி தானாக அணைந்து எழுவதும் உண்டு. போர்டில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால் அவற்றைக் கவனியுங்கள். டிரேம் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று கொள்ளலாம். சில போர்டுகள் அந்த மறுதொடக்கத்தின்போது சிப்பின் மீதிப் பகுதிகளையும் எழுதும் என்பதால், இந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது பாதி எழுத்தில் துண்டிப்பதற்குச் சமம். கால் மணி நேரமாவது விட்டுவிடுங்கள். அறையைவிட்டு வெளியே போவது நல்ல உபாயம்.

அப்போதும் திரை வரவில்லையென்றால், மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்து, பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சிமோஸ் நினைவகத்தை அழியுங்கள். போர்டில் அதற்கான இரு ஊசிகள் இருக்கும். அல்லது சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைக்கலாம். இதனால் பழைய பயாஸ் திரும்பி வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வராது. அமைப்புகள் மட்டுமே அழியும். சிப்பில் எழுதிய நிரல் அப்படியே இருக்கும். பிறகு ஒரே ஒரு ராம் பட்டையோடு இயக்கிப் பாருங்கள்.

திரை வந்து, பூட் ஆகும் டிஸ்க் எதுவும் இல்லை என்ற செய்தி வந்தால் விண்டோஸை மீண்டும் நிறுவ ஓடாதீர்கள். டிஸ்க் நலமாகவே இருக்கும்; அமைப்புகள்தான் இயல்புநிலைக்குப் போயிருக்கின்றன. பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால் சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான அமைப்பு) அணைந்திருக்கும், அதை மீண்டும் இயக்குங்கள். இன்டெல் கணினிகளில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி அல்லது ரெய்டு அமைப்பு மாறியிருந்தால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும். பழைய நிலைக்கு மாற்றினால் எழும். புதுப்பித்தபின் கணினி மந்தமாகிவிட்டது என்ற புகாருக்குப் பெரும்பாலும் எக்ஸ்எம்பி அணைந்ததுதான் காரணம்: 3200இல் ஓடிய ராம் 2133இல் ஓடிக்கொண்டிருக்கும்.

உண்மையிலேயே எழுத்து சிதைந்துவிட்டால்கூட வழி இருக்கிறது. பல போர்டுகளின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் ஒன்று உண்டு. ஜிகாபைட்டில் அதன் பெயர் கியூ-ஃபிளாஷ் பிளஸ். புராசசரும் ராமும் இல்லாமலேயே, மின்சாரமும் பென்டிரைவும் இருந்தால் அது எழுதிவிடும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் தோற்கிறார்கள்: பென்டிரைவை அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகாதது, கோப்புக்குக் கையேட்டில் சொல்லிய பெயரைச் சூட்டாதது, விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே பொறுமையிழப்பது. சில ஜிகாபைட் போர்டுகளில் இரண்டாவது பயாஸ் சிப்பே இருக்கும். ஹெச்பி, டெல் கணினிகளுக்கும் தனி மீட்பு விசைகள் உண்டு.

பொத்தானும் இல்லை, இரண்டாம் சிப்பும் இல்லை என்றால் புரோகிராமர் கருவியால் சிப்பில் நேரடியாக எழுத வேண்டும். சிஎச்341ஏ என்ற மலிவான கருவி இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் சில சிப்கள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட், பார்க்காமல் கிளிப்பை மாட்டினால் சிப் போய்விடும். நிறுவனத்தின் பக்கத்தில் கிடைக்கும் கோப்பையும் எல்லா நேரமும் அப்படியே எழுத முடியாது. சிலவற்றில் முன்னொட்டுத் தரவு சேர்ந்திருக்கும், அதை நீக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சிப் அளவில் வேலை செய்யும் கடையில் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: எழுதுவதற்கு முன் பழைய சிப்பின் உள்ளடக்கத்தை முழுதாகப் படித்து நகல் எடுத்துத் தர வேண்டும். போர்டின் வரிசை எண், லேன் (நெட்வொர்க்) முகவரி, பிராண்டட் கணினியாக இருந்தால் விண்டோஸ் உரிமச் சாவி ஆகியவை பல போர்டுகளில் அந்தச் சிப்பிலேயே இருக்கின்றன. நகல் இல்லாமல் மேலெழுதிவிட்டால் அவற்றைத் திரும்பப் பெறுவது கடினம்.