மலைநாட்டு வீட்டில் லினக்ஸ் கணினி அடம்பிடித்தால்: பிளக் பொயின்ட்டிலிருந்து நெட் வரை

கணினி ஓடவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பாதி நேரம் கிடைக்கும் பதில், "ஃபோமட் அடிக்க வேண்டும்" என்பதுதான். லினக்ஸில் ஃபோமட் கேட்கும் கோளாறு மிகக் குறைவு. ரேம் என்ற நினைவகப் பட்டையின் முனையில் ஈரம் படிந்திருந்தாலோ, இடியில் நெட் வயர் செருகும் லேன் துளை கருகியிருந்தாலோ, ரவுட்டருக்குச் சிக்னல் எட்டாவிட்டாலோ, எத்தனை முறை ஃபோமட் அடித்தாலும் கோளாறு அப்படியே இருக்கும். பிள்ளையின் பாடக்குறிப்புகளும் வீட்டுப் படங்களும்தான் போய்விடும். கோளாறு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம். அதற்கான வழி இது.

நம் இலங்கை மலைநாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை ஈரம், இடி, ஏறி இறங்கும் கரண்ட். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. இடைப்பட்ட மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி. உங்கள் கணினி எந்த மாதத்தில் படுத்தது என்பதே ஒரு துப்பு.

கையில் இருக்க வேண்டியவை: நட்சத்திர முனை ஸ்குரூடிரைவர், பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர், புதிய பெயின்ட் பிரஷ், போன் சார்ஜ் பண்ணும் டேட்டா வயர், 8 ஜிபி பென்ட்ரைவ். கணினி நன்றாக ஓடும் நாளிலேயே அந்தப் பென்ட்ரைவில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை எழுதி வைத்துவிடுங்கள். நிறுவாமலே பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டும்போது வைஃபை வேலை செய்தால் உங்கள் வைஃபை கார்டில் குறையில்லை, நிறுவிய லினக்ஸில்தான் குழப்பம். அங்கும் வேலை செய்யாவிட்டால் பொருளில் குறை இருக்கலாம், அல்லது அந்த கார்டை லினக்ஸோடு பேசவைக்கும் நிரலான டிரைவர் தனியாகத் தேவைப்படலாம். இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கன்ட்ரோல், ஆல்ட், டி (டெர்மினலின் முதல் ஆங்கில எழுத்து) மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கட்டளை தட்டும் சாளரமான டெர்மினல் திறக்கும்; அதில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியதுதான்.

விசிறி கூடச் சுற்றவில்லை

பெட்டியைத் திறக்காதீர்கள், சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பொயின்ட்டில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். லய வீடுகளிலும் பழைய குவார்ட்டர்ஸ்களிலும் 5 அம்பியர் உருண்டை முள் பொயின்ட் இன்னும் இருக்கிறது. கணினியோடு வரும் வயரோ பெரும்பாலும் 13 அம்பியர் சதுர முள். நடுவில் போடும் அடாப்டர் தளர்ந்தால் கணினி திடீரென்று அணைந்து தானாக எழும். அடாப்டர் சூடேறினாலோ சிர்ரென்று ஒலித்தாலோ அதை எறிந்துவிட்டுப் பொயின்ட்டையே மாற்றுவிக்க வேண்டும். சதுர முள் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. அது போயிருந்தால் 5 அம்பியர் ஃபியூஸ் போடுங்கள். சிகரெட் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டால் அடுத்த முறை எரிவது வயர்.

பொயின்ட் நன்றாக இருந்தால் வயரைக் கழற்றிவிட்டு, கணினியின் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றி 30 விநாடி பிடிக்க வேண்டும். கரண்ட் தட்டுப்பட்டதில் திகைத்து நிற்கும் மதர்போர்ட் இதிலேயே எழுவதுண்டு. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். கதகதப்புக்காக அதற்குள் பல்லி நுழைந்து செத்துக் கருகிய நாற்றம் வந்தால், பெட்டியோடு மாற்றுவதுதான் வழி.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

மழைக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் ரேம்தான் காரணம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கணினிமேல், காலையில் அடுப்படியிலிருந்து வரும் வெந்நீர் ஆவி பட்டால் குளிர்ந்த உலோகத்தில் ஈரம் முத்துக் கோக்கும். அது காய்ந்து காய்ந்து, ரேமின் பொன்னிற முனையில் மெல்லிய படலமாக நின்றுவிடும். விறகு அடுப்புப் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

பிளக்கைக் கழற்றி, பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். ரேம் பட்டையின் இரு முனையிலும் உள்ள கொக்கியை விரித்தால் பட்டை எழும்பி வரும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி அசையும். பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் இரு பக்கமும் ஐந்தாறு முறை ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் துகளைப் பெட்டிக்குள் விழவிடாமல் பிரஷால் தட்டிவிடுங்கள். துளையையும் அதே காய்ந்த பிரஷால் துடையுங்கள்; வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். பட்டையின் பள்ளம் துளையின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதை.

எழுந்துவிட்டது, ஆனால் நடுநடுவே உறைகிறது என்றால், தொடக்கத்தில் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைப் பிடித்தால் எதை எழுப்புவது என்று கேட்டு வரும் கிரப் பட்டியலில், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இருக்கிறதா பாருங்கள். இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பட்டையை நம்ப முடியாது.

கரண்ட் போய் வந்த பிறகு ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொன்னால் போர்டில் உள்ள பட்டன் பெட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, 3 வோல்ட். மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ்கள் கடைசியாக ஓடிய நேரத்தை நினைவில் வைத்து, நெட் வந்ததும் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். ஆகவே இந்தப் பெட்டரி செத்தது பல நாள் தெரியாமலே இருக்கும். நெட் வராத நாளில் தேதி தவறி, பிறகு இணையதளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று திரும்பினால் முதலில் தேதியைப் பாருங்கள்.

சூட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நுவரெலியா போன்ற 1,868 மீற்றர் உயரத்து ஊரில் கணினி காய்வது அரிது. விசிறியில் புகைக்கரி அடைத்திருந்தால் பிரஷால் துடைத்தால் போதும்.

கரண்ட் போன பிறகு கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கின் கோப்புக் கணக்கு அரைகுறையாக நின்றுவிடும். அடுத்த முறை லினக்ஸ் முழுதாக எழாமல், 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லோடு ஒரு வரியில் காத்திருக்கும். பலர் இங்கேதான் பயந்து ஃபோமட்டுக்குப் போகிறார்கள். அதற்கு மேலுள்ள வரிகளைப் படியுங்கள்: எஸ்-டி-ஏ-1 அல்லது எஸ்-டி-ஏ-2 போன்ற ஒரு பகுதியின் பெயரைச் சொல்லி, அதைக் கையால் சரிபார்க்கச் சொல்லியிருக்கும். எஃப்-எஸ்-சி-கே, இடைவெளி, கழித்தல் குறி, ஒய், இடைவெளி, சாய்கோடு, டி-இ-வி, சாய்கோடு, பிறகு அந்தப் பெயர் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். முடிந்ததும் 'ரீபூட்' என்று தட்டுங்கள். பெரும்பாலும் வீட்டுத் திரை வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினாலோ, திரையில் 'ஐ-ஓ எரர்' என்று வரிவரியாக ஓடினாலோ அந்தக் கட்டளையைத் தராதீர்கள். சாகும் டிஸ்க்கில் திருத்தம் செய்தால் மிச்சமும் போகும். பென்ட்ரைவ் லினக்ஸில் எழுப்பி, வேண்டியதை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க 'டிஸ்க்ஸ்' செயலியில் மூன்று புள்ளிப் பொத்தானில் 'ஸ்மார்ட் டேட்டா' உண்டு. சுற்றும் வகை டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகளைப் பாருங்கள். பூச்சியத்துக்கு மேல் போய் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றும் காலம். 199ஆம் வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, அதற்குப் போகும் சாட்டா வயர்தான் கெட்டது. மலிவான வயரை மாற்றாமல் டிஸ்க்கை எறிந்தவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணிக்கை பின்னால் இறங்காது. வயர் மாற்றிய பின் மேலும் ஏறாமல் நின்றால் சரி.

நெட் இல்லை

இங்கே ஒழுங்காகப் படியேற வேண்டும். அதே வைஃபையில் போனுக்கு நெட் வருகிறதா? வராவிட்டால் கணினியைத் தொடாதீர்கள், ரவுட்டர் பக்கம் போங்கள். சிம்மில் டேட்டா தீர்ந்ததா என்றும் பாருங்கள். இரவு டேட்டா மிச்சம் இருக்க, பகல் டேட்டா மட்டும் முடிந்திருக்கலாம்.

போனுக்கு வருகிறது, கணினிக்கு இல்லை என்றால் டெர்மினலில் 'ஐபி', இடைவெளி, 'ஏ' என்று தட்டுங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் ரவுட்டர் உங்களை ஏற்றுக்கொண்டது. 169.254 என்று தொடங்கினால் வயரோ வைஃபையோ இணைந்தும் ரவுட்டர் முகவரி தரவில்லை: ரவுட்டரை அணைத்து 30 விநாடி விட்டுப் போடுங்கள். முகவரியே இல்லையென்றால் இணைப்பே ஏற்படவில்லை.

அடுத்து 'ஐபி', இடைவெளி, 'ஆர்'. 'டிஃபோல்ட்' வரியில் இருப்பது ரவுட்டரின் முகவரி, 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல இருக்கும். 'பிங்' என்று தட்டி அந்த எண்ணைக் கொடுங்கள். லினக்ஸில் பிங் தானாக நிற்காது. கன்ட்ரோலும் சியும் அழுத்தினால் நிற்கும். ரவுட்டர் பதில் தந்தால் 8.8.8.8க்கு பிங் கொடுங்கள். ரவுட்டர் பதில் தந்து இது தராவிட்டால், போனின் சொந்த டேட்டாவை அணைத்து அதே வைஃபையில் மறுபடி பாருங்கள்; போனுக்கும் வராவிட்டால் கோளாறு வீட்டுக்கு வெளியே. எண்ணுக்குப் பதில் வந்து, இணையதளப் பெயருக்கு மட்டும் வராவிட்டால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை. நெட்வொர்க் அமைப்பில் சக்கரப் பொத்தான், ஐபிவி4 பக்கம், டிஎன்எஸ் கட்டத்தில் தானியங்கியை அணைத்து 1.1.1.1 என்று எழுதிச் சேமித்து, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

வைஃபை குறியே காணவில்லையா? 'ஆர்எஃப்கில்', இடைவெளி, 'லிஸ்ட்' என்று தட்டுங்கள். 'ஹார்ட் பிளாக்ட்' எதிரே 'யெஸ்' என்றால் மடிக்கணினியின் ஓரத்தில் உள்ள சுவிட்சோ விசையோ அணைந்திருக்கிறது. 'சொஃப்ட் பிளாக்ட்' மட்டும் 'யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' என்று கொடுங்கள். புதுப்பிப்புக்கு மறுநாள் போனது என்றால் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குள் பழைய கெர்னலை (லினக்ஸின் மைய நிரலை) தேர்ந்தெடுத்து எழுப்பிப் பாருங்கள். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால், போனை டேட்டா வயரால் செருகி 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும். பிறகு மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சிக்னலும் பனிமூட்டமும்

பனி இறங்கினால் நெட் போகும் என்ற பேச்சு உண்டு. 4ஜி பயன்படுத்தும் அலைகளைப் பனிமூட்டம் தடுப்பது மிகச் சொற்பம். அதே நேரத்தில் நடக்கும் மற்றவைதான் காரணம்: நனைந்த மரங்கள், வெளி அன்டெனாவின் இணைப்பில் புகுந்த நீர், கரண்ட் இல்லாமல் பெட்டரியில் ஓடிக் கடைசியில் அணையும் டவர். தகரக் கூரையும் கருங்கல் சுவரும் பனியைவிடப் பல மடங்கு தடுக்கும்.

பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி, வரும் பக்கத்தில் சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். –80 நல்லது, –100 சுமார், –110க்குக் கீழே தவிப்பு. இரைச்சலோடு ஒப்பிட்டுச் சிக்னலின் தெளிவைச் சொல்லும் எஸ்ஐஎன்ஆர் பூச்சியத்துக்குக் கீழே போனால் வேகம் விழும். ரவுட்டரை ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்து, இரண்டு நிமிடம் விட்டு, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். நடுவீட்டிலிருந்து டவர் பார்த்த ஜன்னலுக்கு நகர்த்துவது சில நேரம் புதிய ரவுட்டர் வாங்குவதற்குச் சமம். அன்டெனா வயர் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே தொங்கி மேலே ஏறும்படி ஒரு வளைவு விடுங்கள்; மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இடி கேட்டால் பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது. லேன் வயர், அன்டெனா வயர், போன் லைன் மூன்றையும் இடி நெருங்குமுன் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது வயரைத் தொட வேண்டாம். அடுத்த நாள் லேன் துளையின் விளக்கு எரியவில்லை, வயர் மாற்றியும் அசையவில்லை என்றால், மற்றெல்லாம் ஓடும்போது போர்டை மாற்றத் தேவையில்லை. யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் போதும்; ரியல்டெக் 8153 சிப் உள்ளதைக் கேளுங்கள், லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கு டிரைவர் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், செய்த சோதனைகளையும் வந்த பதில்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். கோளாறு டிஸ்க்கில் இல்லாவிட்டால் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோங்கள்.