குவாரி வந்த ஊரில் யாருக்கு என்ன வேலை? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸுக்கு வரும் குவாரி மனுக்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். தூசி, வெடிச் சத்தம், சுவரில் விரிசல், போர்வெல் வற்றியது, டிப்பர் லாரி ரோட்டைக் குதறியது என்று எல்லாம் ஒரே தாளில் வரும். கடைசி வரி, "குவாரியை உடனே மூட வேண்டும்." மனு கனிமவளத் துறைக்குப் போகும். "குத்தகை நடப்பில் உள்ளது, விதிப்படி இயங்குகிறது" என்று பதில் வரும். "எல்லாரும் காசு வாங்கிட்டானுங்க" என்பதோடு ஊர்ப் பேச்சு முடிந்துவிடும்.

வாங்கியவர்களும் இருக்கலாம். ஆனால் ஐந்து துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய புகாரை ஒரே ஆளிடம் கொடுத்தால், அவர் தன் துறைக்கு உள்ளதை மட்டும் பார்த்துப் பதில் எழுதுவார். நம் பக்கம் கிரானைட், ஜல்லி, எம்-சாண்ட் எதுவானாலும் ஊர்கள் தோற்பதில் பாதி இங்கேதான். எதிர்ப்பு இருக்கிறது, ஆள் பலம் இருக்கிறது, எந்தக் கதவை யார் தட்டுவது என்பது மட்டும் தெரிவதில்லை.

"கலெக்டர் நினைத்தால் முடியும்"

கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்த அவருக்குக் கீழே இருந்து காகிதம் வர வேண்டும். குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டுகிறார்களா, அனுமதித்த ஆழத்துக்குக் கீழே போய்விட்டார்களா, நடைச்சீட்டு (கல் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் லோடு போகிறதா என்பது கனிமவளத் துறையின் வேலை. கிரஷர் தூசி மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குரியது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அதன் அலுவலகம் ஓசூரில் இருக்கிறது. பாரத்துக்கு மேல் ஏற்றும் லாரி வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் (ஆர்டிஓ) போலீசுக்கும் உரியது.

வெடியால் வீடு விரிசல் விட்டால்தான் ஊர் அதிகம் தடுமாறுகிறது. குவாரியில் வெடி வைப்பதைக் கண்காணிப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். வெடிமருந்து உரிமம் தருவதும் மத்திய அரசின் வேறொரு அமைப்பு. தாசில்தாரிடம் விரிசல் போட்டோவைக் காட்டினால் அவர் பரிதாபப்படுவார், அவ்வளவுதான். போட்டோவோடு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வெடித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் கதை வேறு. உரிமம் வைத்திருப்பவர் வெடிமருந்துக்குக் கணக்கு எழுதியாக வேண்டும். உங்கள் நோட்டும் அந்தக் கணக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

"எங்க கொட்டாய் கணக்கில் வராதாம்"

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959இன்படி குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது. இது பலருக்குத் தெரியும். அந்த 300 மீட்டரை எதிலிருந்து அளக்கிறார்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

நம் இரு மாவட்டங்களிலும் ஜனங்கள் ஊருக்குள் நெருக்கியடித்துக் குடியிருப்பது குறைவு. அவரவர் நிலத்தில் வீடு கட்டி, நான்கு பங்காளி வீடு சேர்ந்து ஒரு கொட்டாயாக இருப்பதுதான் வழக்கம். ஆனால் விதி குடியிருப்பு என்று எடுத்துக்கொள்வது வருவாய்ப் பதிவேட்டில் உள்ள நத்தத்தையும் அனுமதி பெற்ற மனைகளையும்தான். பட்டா நிலத்தில் தாத்தா காலத்தில் கட்டிய வீடு வரைபடத்தில் வெறும் புஞ்சையாக இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு, சுற்றிலும் 300 மீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று விஏஓ ஒரு சான்று தருவார். அதில் "குடியிருப்பு ஏதும் இல்லை" என்று ஒரு வரி விழுந்துவிட்டால், சென்னையில் உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு உங்கள் கொட்டாயே கிடையாது.

ஆகவே விஏஓவை வெறும் சாதிச் சான்று, பட்டா மாறுதல் ஆளாக நினைப்பது பெரிய தவறு. இந்த விஷயத்தில் கலெக்டரின் கையெழுத்தைவிட அவருடைய ஒரு பக்கச் சான்று கனமானது. குவாரி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ரேஷன் கார்டு நகல்களோடு, வீடு இருக்கும் சர்வே எண்ணையும் எழுதி அவரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வீட்டுக்கு ஊராட்சியில் முறையான அனுமதி இல்லையென்றால் அதையும் வாங்கப் பாருங்கள். குவாரிக்காரர் அளவைக் கல் நட்ட பிறகு ஓடினால், "குவாரி வந்த பிறகு கட்டிய வீடு" என்பார்கள்.

அதே விதிகளில் வந்த ஒரு மாற்றத்தையும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்கள் கவனிக்க வேண்டும். தேசியப் பூங்கா, சரணாலயம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021இல் அரசாணை வந்தது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். "பக்கத்தில் ஃபாரஸ்ட் இருக்கு, இங்கே வராது" என்று இன்னமும் நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பது சரணாலய எல்லையா, வெறும் காப்புக்காடா என்று வனச்சரகர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு குழியை மட்டும் பார்ப்பது

"இது சின்ன குவாரிங்க, நாலு ஹெக்டேர்தான்." சரி. 500 மீட்டருக்குள் இன்னொரு சின்ன குவாரி, அதற்கு 500 மீட்டருக்குள் இன்னொன்று என்று இருந்தால் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாகச் சேர்த்துத்தான் பரப்பைக் கணக்கிட வேண்டும். தொகுப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டும். கிராம வரைபடத்தை வாங்கிப் பழைய குழி, நடக்கும் குழி, வரப்போகும் குழி மூன்றையும் நீங்களே குறித்துப் பார்க்கலாம்.

கருத்துக்கேட்பில் கத்திவிட்டு வெளியே வருவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் ஊருக்குக் கொடுத்திருக்கும் ஒரே மைக் இதுதான்.

2006 செப்டம்பர் 14இல் வந்த மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கூட்டத்தை நடத்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியம். தலைமை ஏற்பவர் கலெக்டர், அல்லது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்படும். இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு கிடையாது.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். கல்யாண மண்டபத்தில் 400 பேர் திரண்டு, கோஷம் போட்டு, "நாங்கள் புறக்கணிக்கிறோம்" என்று வெளிநடப்புச் செய்தால் கூட்டம் செல்லாமல் போய்விடாது. உள்ளே மிச்சம் இருக்கும் பத்துப் பேர், பெரும்பாலும் வேலை கிடைக்கும் என்று அழைத்து வரப்பட்டவர்கள், "திட்டத்தை வரவேற்கிறோம்" என்று பேசுவார்கள். பதிவேட்டில் அது நிற்கும். உங்கள் 400 பேர் "சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்ற அரை வரியாகச் சுருங்குவார்கள்.

இது ஓட்டெடுப்பும் கிடையாது. "வேண்டாம்" என்று 300 பேர் சொன்னதைவிட, ஒரே ஒருவர் சொன்ன குறிப்பான விஷயத்துக்குத்தான் நிறுவனம் பதில் எழுத வேண்டியிருக்கும். "தூசி வரும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "இன்ன சர்வே எண்ணில் எனக்கு மாந்தோப்பு இருக்கிறது, மார்கழி, தை மாதம் பூ எடுக்கும் நேரம், அப்போது கிரஷர் தூசி பூவில் படிந்தால் பிஞ்சு நிற்காது, அந்த இரண்டு மாதம் என்ன செய்வீர்கள், உங்கள் அறிக்கையில் மாந்தோப்பு என்ற சொல்லே இல்லையே" என்று கேளுங்கள். அடுத்தவர் ஓடையைப் பற்றிக் கேட்கட்டும். கிரானைட் குவாரியில் விற்கும் பிளாக்கைவிடக் கழிவுக் கல் அதிகம் சேரும், அந்தக் குவியல் எங்கே நிற்கும், ஏரிக்கு வரும் ஓடைக்கு எவ்வளவு தள்ளி? பெண்கள் தண்ணீரைப் பற்றிப் பேசட்டும். ஃபுளோரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டங்கள் இவை. எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகும், எது ஆகாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பேசியதை எழுதியும் கொடுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்கிறது விதி. சாப்பாட்டுக்குக் கிளம்பாமல் அதுவரை நான்கு பேராவது உட்கார்ந்திருங்கள்.

கிராம சபைத் தீர்மானத்தின் எடை

தீர்மானம் போட்டால் குவாரி நின்றுவிடும் என்று ஒரு கூட்டம், தீர்மானத்தால் ஒரு பைசாப் பிரயோஜனம் இல்லை என்று இன்னொரு கூட்டம். இரண்டும் தப்பு. சில மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் சிறுகனிமக் குத்தகைக்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆகவே நம் தீர்மானத்துக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. வனநிலமாக இருந்து 2006இன் வன உரிமைச் சட்டம் பொருந்தினால் மட்டும் கிராம சபையின் சொல்லுக்குக் கூடுதல் பலம்.

ஆனாலும் ஆதாரமாக அது உதவும். அனுமதி வந்த பிறகு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால், "ஊர் அப்போதே சொன்னது" என்பதற்கு அரசு முத்திரையோடு இருக்கும் காகிதம் அதுதான். அங்கே கெடு கடுமையானது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. அனுமதி வந்ததா என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்க ஊரில் காலேஜ் படிக்கும் ஒரு பிள்ளையிடம் பொறுப்பு கொடுத்துவிடுங்கள்.

டிப்பர் ஓட்டுபவரை எதிரியாக்குவது

குவாரி வந்த ஊரில் முதலில் உடைவது பாறையில்லை, பங்காளி உறவு. அண்ணனுக்கு மாந்தோப்பு, தம்பிக்குத் தவணையில் வாங்கிய டிப்பர். கருத்துக்கேட்பில் இரண்டு பேரும் கைகலக்கும்போது குத்தகைக்காரர் ஏசி காரில் உட்கார்ந்திருப்பார். தம்பிக்கும் இதில் பங்கு உண்டு, அதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். குவாரிக்குள் தூசி அடக்கத் தண்ணீர் தெளிக்கிறார்களா, ராத்திரி எத்தனை லோடு போகிறது, வெடி வைக்கும் முன் சங்கு ஊதுகிறார்களா என்பதெல்லாம் உள்ளே வேலை செய்பவருக்குத்தான் தெரியும். கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் அவர் நுரையீரலைத்தான் முதலில் பிடிக்கும். சுரங்கச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நோய் அது.

"கடற்கரைச் சமாச்சாரம் நமக்கெதற்கு?"

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்கான், மோனசைட் போன்றவற்றைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கடற்கரைகளில் தனியார் தாது மணல் அள்ளுவதை 2013இல் தமிழக அரசு நிறுத்தியது. அங்கே நடப்பதை நாம் கவனிக்க இரண்டு காரணம் உண்டு.

முதலாவது, 2011இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் ஒரு குழு அமைக்கச் சொன்னது. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களில் குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். நம் குவாரிகளுக்கு அடிப்படையான 2006 அறிவிக்கையில் அப்படி உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கிய நாற்காலி கிடையாது. கேட்க வேண்டியது அதைத்தான். ஆனால் அங்கும் கதவு குறுகிக்கொண்டு வருகிறது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டது. தமிழக அரசு எதிர்த்தது. நமக்கு இருக்கும் அந்த ஒரு மைக்கையும் வீணாக்கக் கூடாது என்று மேலே சொன்னது இதனால்தான்.

இரண்டாவது, தென்பெண்ணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து கெலவரப்பள்ளி, கேஆர்பி அணை, சாத்தனூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு. கடற்கரைக்கு மணல் ஆற்றிலிருந்துதான் போகிறது. அணைகள் பாதியை நிறுத்துகின்றன, அள்ளுபவர்கள் மிச்சத்தை நிறுத்துகிறார்கள். கரை அரிக்கிறது என்று கடலூர்க்காரர் புலம்பினால் அதில் மேலே உள்ள நமக்கும் சம்பந்தம் உண்டு. ஒரு குவாரியால் பாதிக்கப்படுபவர் யார் என்று அறிக்கையில் பட்டியல் போடும்போது சுற்றுவட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓடை போகும் வழியில் கீழே உள்ள ஏரி ஆயக்கட்டுக்காரர்களையாவது அதில் சேர்க்கச் சொல்லுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறைக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கும் உரியது. ஏரியில் சகதி சேர்ந்தால் மனு எங்கே போக வேண்டும் என்பது இதை வைத்துத்தான்.

வரும் பணத்தைக் கேட்காமல் விடுவது

2015இல் சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்கும் செலவு செய்வதுதான் அதன் நோக்கம். தமிழ்நாட்டில் 2017இல் விதிகள் வந்தன. குத்தகைக்காரர்கள் அரசுக்குக் கட்டும் தொகையோடு இதற்கும் ஒரு பங்கு கட்டுகிறார்கள். ஆனால் குவாரி ஊரில் போய் "உங்க ஊருக்கு இதில் என்ன வந்தது" என்று கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். கோயில் திருவிழாவுக்குக் குவாரிக்காரர் கொடுத்த நன்கொடைதான் நினைவில் இருக்கும். நன்கொடை அவர் விருப்பம், இது சட்டப்படி வர வேண்டிய பணம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குடிநீர்த் தொட்டி, சுகாதார நிலையத்துக்கு எக்ஸ்ரே, கைவிட்ட குழிகளைச் சுற்றி வேலி என்று வேண்டியதைச் சர்வே எண்ணோடு எழுதி, "மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து" என்ற சொற்களைத் தீர்மானத்திலேயே சேர்த்து அனுப்புங்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தெந்த ஊருக்கு என்ன வேலை நடந்தது என்ற பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டுவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.