குழாய் நிறைந்திருக்கும்போது மட்டும் சிக்கிய ஷாட்கன்

டெக்சாஸில் மூன்று வகைத் துப்பாக்கிப் போட்டிகளுக்காகக் குறைந்த விலையில் வாங்கிய, பின்னுதைப்பு விசையால் இயங்கும் 12 கேஜ் (குழல் அளவு) அரைத் தானியங்கி ஷாட்கன், அதாவது சிறு குண்டுகளைக் கொத்தாகச் சுடும் துப்பாக்கி, சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே எறியாமல் பக்கத் திறப்பிலேயே கவ்விக்கொண்டு நின்றது. முழுவதும் கழற்றித் துடைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், பயனில்லை.

பதிவு செய்த காணொளியை மெதுவாக ஓட்டியபோதுதான், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் நீட்டித்த மேகசின் குழாய் நிறைந்திருக்கும் முதல் சில சுடுகளில் மட்டுமே அது சிக்குவதும், குழாய் காலியாகக் காலியாகச் சீராவதும் தெரிந்தன. இவ்வகையில் துப்பாக்கி பின்னோக்கி நகரும்போது கனமான போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் நகரும் உலோகப் பாகம்) நின்ற இடத்திலேயே நிற்க முயல்வதால்தான் உள் ஸ்பிரிங் அமுங்குகிறது; அது விரிந்து போல்ட்டைப் பின்தள்ளும்போதுதான் கூடு வெளியேறும். தோட்டா ஒன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம் என எடை கூடக் கூட அந்த நகர்வு குறைந்துவிடும்.

பக்கவாட்டுத் தோட்டாத் தாங்கியைக் கழற்றி, 28 கிராம் குண்டுகள் கொண்ட மென்சுமைத் தோட்டாக்களுக்குப் பதிலாக 32 கிராம் ஈயக்குண்டுகள் கொண்டவற்றைப் போட்டதும் சிக்கல் அறவே நின்றது, பெரிய நிம்மதி. மென்சுமையும் கூடுதல் பாகங்களும் கட்டாயம் வேண்டுவோர், அதே விலையில் வாயு அழுத்தத்தால் இயங்கும் வகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது; அதை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.