மெர்வேய் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டிய மெர்காந்தூர் தேசியப் பூங்காவில் 2,872 மீட்டர் உயரமுள்ள பெகோ மலை நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறைகளில், வெண்கலக் காலத்தையும் அதற்குச் சற்று முந்தைய காலத்தையும் சேர்ந்த சுமார் 40,000 செதுக்கல்கள் இருக்கின்றன. அவற்றுள் பல மெர்வேய் பள்ளத்தாக்கில் உள்ளன.

பலரும் செய்கிற பெரிய தவறு, வழிகாட்டி இல்லாமல் போவது. குறியிட்ட பாதையை விட்டு விலக, அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், தனியாகப் போனால் பெரும்பாலானவை கண்ணிலேயே படாது. பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய பாறையில், கடுகும் மிளகும் போன்ற சிறு குழிகளை நெருக்கமாகக் கொத்தி உருவம் அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் அது வெறும் பாறை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போதுதான் கொம்புள்ள மாட்டுத்தலையும், ஏர் இழுக்கும் காளைகளும், குத்துவாளும் துலங்கும்.

கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும், சுண்ணக்கட்டியால் தீட்டுவதும், மேலே ஏறி நின்று படமெடுப்பதும் வேண்டவே வேண்டாம். இரும்பு முனை கொண்ட ஊன்றுகோலுக்கும் அங்கே தடை. ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான். 'குலத்தலைவன்' எனப்படும் பாறையை 1988இல் பெயர்த்தெடுத்துப் பாதுகாக்க வேண்டியதாயிற்று. இப்போது மலையில் இருப்பது அதன் நகல். பழைய நூற்றாண்டுகளின் இடையர்களும் இங்கே பெயரும் தேதியும் கீறியிருக்கிறார்கள், அது இன்று வரலாறு. அதைக் காட்டி நாமும் கீறினால் அது குற்றம்.

கோடையில் இன்றும் ஆட்டு மந்தைகள் மேலே வருகின்றன. 1992இல் இத்தாலிப் பக்கமிருந்து ஓநாய்கள் திரும்பி வந்ததிலிருந்து, மந்தைக்குக் காவலாகப் பெரிய வெள்ளை நாய்கள் நிற்கின்றன. மந்தைக்குள் புகுந்து நடக்காதீர்கள், தூரமாகச் சுற்றிப் போங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், கல்லெடுக்காதீர்கள். அசையாமல் நின்று அது முகர்ந்து பார்க்கவிட்டு, மெல்ல விலகுங்கள். உங்கள் வளர்ப்பு நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பூங்காவின் மையப் பகுதியில் அதற்கு அனுமதியில்லை.

ஜூனுக்கு முன் போனால் பல பாறைகள் பனிக்கு அடியில் இருக்கும். கோடையில் பிற்பகல் இடி மின்னல் சகஜம் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். நடை தொடங்கும் மெஷ் ஏரியிலிருந்து பள்ளத்தாக்கில் உள்ள மலைவிடுதிக்கு 700 மீட்டருக்கு மேல் ஏற்றம், ஏறக்குறைய மூன்று மணி நேர நடை.

தாந்த் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதும் தவறே. 'குலத்தலைவன்' பாறையின் அசல் அங்கேதான் இருக்கிறது. அதை நிதானமாகப் பார்த்துவிட்டு ஏறினால், மலையில் எதைத் தேடுவதென்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.