ஜப்பானில் பெரிய சுஷிக் கடைக்குப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

டோக்கியோவில் பேர்பெற்ற சுஷிக் கடை ஒன்றில் ராத்திரிச் சாப்பாடு ஆளுக்கு 30,000 யென்னைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அவ்வளவு காசு கொடுத்தும், சின்னச் சின்ன விஷயங்கள் தெரியாததால் பாதி ருசியைத் தவறவிட்டு எழுந்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். அங்கே இருக்கிற கட்டுப்பாடுகளை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தச் சோறு, கைக்கு முன்னால் இருக்கிற மரப்பலகை, கடையில் மொத்தமே எட்டோ பத்தோ நாற்காலிகள் என்பது, இந்த மூன்றிலிருந்துதான் அநேகமாக எல்லாமே வருகின்றன.

முதல் தவறு இங்கே ஊரில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது. டிக்கெட், விசா எல்லாம் முடித்துவிட்டு, போய் இறங்கி ஒரு நாள் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. இடம் கிடைக்காது. பல கடைகள் ஒன்றிரண்டு மாதம் முன்பே நிரம்பிவிடும், சில கடைகள் தெரியாத ஆளை எடுப்பதே இல்லை. டோக்கியோவின் கின்ஸா பகுதியில் இருக்கிற சுகியபாஷி ஜிரோ என்ற கடை 2019 நவம்பரில், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது ருசி குறைந்ததால் அல்ல, பொதுமக்கள் யாரும் நேரடியாக முன்பதிவு செய்ய முடியாத கடையாக அது ஆகிவிட்டதால்தான். அந்த மாதிரி கடைகளைத் துரத்தாதீர்கள். டேபிள்செக், ஒமாகசே போன்ற முன்பதிவுத் தளங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும் அருமையான கடைகள் நிறைய இருக்கின்றன. மதியச் சாப்பாட்டையும் யோசியுங்கள். அதே கை, அதே சோறு, துண்டுகள் கொஞ்சம் குறையும், விலை பாதியாகக்கூட இருக்கும். கிழமையையும் பாருங்கள். 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து மாறிப்போன தொயோசு மீன்சந்தைக்கு ஞாயிறும் சில புதன்கிழமைகளும் விடுமுறை. அதை ஒட்டியே பல சுஷிக் கடைகளும் மூடியிருக்கும்.

பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருப்பதைப் போலப் பெரிய தவறு எதுவும் இல்லை. உங்களுக்கான மீனை அன்று காலையிலோ அதற்கும் சில நாள் முன்னாலோ வாங்கியாகிவிட்டது, எட்டு நாற்காலியில் இரண்டு காலி என்றால் அந்த வேளை வருமானத்தில் கால் பங்கு போயிற்று. பல கடைகள் முழுத் தொகையையும் கார்டில் பிடித்துக்கொள்ளும், அது நியாயம்தான். ஹோட்டல் மூலமாகப் பதிவு செய்திருந்தால் அடுத்து வருகிற பயணிக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும். தாமதமும் கிட்டத்தட்ட அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிற கடைகளில் அந்த நேரத்துக்குச் சரியான சூட்டில் இருக்கும்படி கணக்குப் போட்டுச் சோறு பதத்துக்கு வரும். ஆறு மணி என்றால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு வாசலில் இருங்கள். அரை மணி முன்னால் போய் உள்ளே நுழையவும் வேண்டாம், அவர்கள் தயாராகிக்கொண்டிருப்பார்கள்.

சென்ட் போடாதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நம்மில் பலருக்கு நல்ல இடத்துக்குப் போவது என்றாலே கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும். வெள்ளை மீனின் வாசனை அவ்வளவு மெல்லியது, பக்கத்து நாற்காலிக்காரரின் சாப்பாட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். உட்கார்ந்ததும் வாட்ச், வளையல், மோதிரம் மாதிரி பலகையில் உரசக்கூடியவற்றைக் கழற்றி வையுங்கள். அந்தக் கவுண்டர் பெரும்பாலும் ஒரே நீளத்தில் அறுத்த ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரம், மென்மையானது, கீறல் விழுந்தால் விழுந்ததுதான். என் முதல் தடவை போனைப் பலகை மேல் அப்படியே வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு அம்மா வந்து சத்தமில்லாமல் அதன் அடியில் ஒரு துணியை விரித்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அது எனக்கு மறக்கவில்லை.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். நாம் சுஷி என்றால் பச்சை மீன் என்று நினைக்கிறோம், அவர்களுக்கு அது முதலில் சோறு. வினிகரும் உப்பும் கலந்த அந்தச் சோற்றுக்கு ஷாரி என்று பேர். அது உடம்புச் சூட்டில் இருக்கும், மேலே இருக்கிற மீன் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், உள்ளே காற்று இருக்கும்படி சமையல்காரர் தளர்வாகப் பிடித்திருப்பார். இது ஒரு நிமிஷம்கூட அப்படியே நிற்காது. ஆகவே உங்கள் முன்னால் வைத்தவுடன் எடுத்து வாயில் போடுங்கள், ஒரே வாயில். பாதி கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தால் அது உதிர்ந்துவிடும். மனைவிக்கோ நண்பருக்கோ வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருப்பது நம் ஊர் மரியாதை. அங்கே அது வேண்டாம். படம் எடுப்பதும் இதே கணக்குதான். முதலில் அனுமதி கேளுங்கள், கிடைத்தால் ஒரே ஒரு படம், வீடியோ வேண்டாம், அடுத்தவர் முகம் அதில் வரக்கூடாது. கடல்பாசியில் சுற்றிக் கையில் கொடுக்கிற சுருளுக்கு அந்த ஒரு படம்கூட வேண்டாம் என்பேன், மொறுமொறுப்பு போனபிறகு அதில் என்ன இருக்கிறது?

கையாலேயே சாப்பிடலாம். நமக்கு இது எவ்வளவு வசதி! குச்சி பிடிக்கத் தெரியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை, ஈரத் துண்டு பக்கத்திலேயே இருக்கும். சோயா சாஸ் விஷயத்தில்தான் கவனம். சோற்றுப் பிடியின் மேல் மீனை வைத்த துண்டுக்கு நிகிரி என்று பேர், பெரும்பாலானவற்றின் மேல் சமையல்காரரே தூரிகையால் தடவித்தான் தருகிறார். மறுபடியும் தொட்டால் உப்பு மட்டுமே தெரியும். தொடும்படி அவர் சொன்னால் மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றை அல்ல, சோறு உறிஞ்சிக்கொண்டு உடைந்துவிடும். வசாபி என்ற காரமான பச்சை விழுதை சாஸில் கரைத்துக் குழம்பு மாதிரி ஆக்க வேண்டாம், அளவு பார்த்து உள்ளேயே வைத்திருக்கிறார். கூடுதலாக வேண்டுமென்றால் கேட்கலாம். ஊறுகாய் இஞ்சி இரண்டு துண்டுக்கு நடுவில் வாயைச் சுத்தம் செய்யத்தான், மேலே வைத்துச் சாப்பிட அல்ல.

இன்னொரு தப்பான எண்ணம், 'இன்றைக்குப் பிடித்த மீன்தானே' என்று கேட்பது. டோக்கியோவுக்கு எடோ என்று பேர் இருந்த காலத்தில் தெருவோரக் கடைகளில் விற்ற சாப்பாடு இது, ஐஸ் பெட்டி கிடையாது. மீன் கெடாமல் இருக்க உப்பில் போட்டார்கள், வினிகரில் நனைத்தார்கள், சோயாவில் ஊறவைத்தார்கள், விலாங்கு வகையை வேகவைத்தார்கள். அந்தக் கைவேலைதான் இன்றைக்கும் பெருமை. சூரை மீனைச் சில நாட்கள் பக்குவப்படுத்திய பிறகே வெட்டுகிறார்கள். பளபளவென்று வெள்ளித்தோலோடு வருகிற கொஹாதா என்ற சின்ன மீன் வந்தால் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். ஒரு கடைக்காரரின் உப்புக் கணக்கும் வினிகர் கணக்கும் அதில்தான் தெரியும். சோறு பழுப்பாக இருந்தால் பழையது என்று நினைக்க வேண்டாம், அது சாக்கே என்ற அரிசி மதுவை வடித்த சக்கையிலிருந்து செய்யும் சிவப்பு வினிகரின் நிறம். சால்மன் இல்லையா என்று கேட்பதையும் விட்டுவிடலாம். பச்சை சால்மன் சுஷி 1980களில் நார்வே தன் மீனை ஜப்பானில் விற்க முயன்றதிலிருந்து வளர்ந்த பழக்கம், பழைய பாணிக் கடைகளில் பலவற்றில் அது இருக்காது.

சாப்பிடாதது எது என்பதை முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு 'நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது' என்றால் அவரிடம் மாற்று இருக்காது. சுத்த சைவக்காரர்களிடம் இந்தக் கடைகளுக்கு வரவே வேண்டாம் என்று சொல்வதுதான் நேர்மை, முட்டைப் பணியாரம் மாதிரி இருக்கிற கடைசித் துண்டில்கூட இறாலோ மீனோ அரைத்துச் சேர்ப்பதுண்டு. ஹலால் பார்ப்பவர்கள், தடவுகிற சாஸிலேயே சாக்கேயும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வயிறு சீக்கிரம் நிறைகிறவர்கள் முதலிலேயே சோற்றைக் குறைக்கச் சொல்லலாம், அதில் யாருக்கும் கோபம் வராது. மீதம் வைப்பதுதான் வருத்தும்.

இணையத்தில் பொறுக்கிய தொழில் வார்த்தைகளை அங்கே காட்ட வேண்டாம். டீக்கு 'அகாரி', சோயாவுக்கு 'முராசாகி', பில்லுக்கு 'ஒஅய்ஸோ' எல்லாம் கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசுவது. 'ஒகாய்கேய்' என்றால் பில் வந்துவிடும். டிப்ஸ் வைக்காதீர்கள், திருப்பிக் கொடுக்க உங்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள். குடிப்பதும், முட்டை வந்த பிறகு 'இன்னும் ஏதாவது' என்று அவர் கேட்கும்போது சொல்லும் கூடுதல் துண்டுகளும் தனிக் கணக்கு, விலை எழுதியிருக்காது, அந்த இடத்தில் ஆசையை நிதானமாக வையுங்கள்.

டீயைக் குடித்து முடித்ததும் கிளம்பிவிடுங்கள், அடுத்த வேளைக்கு ஆட்கள் வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். எழும்போது அவர் கண்ணைப் பார்த்து 'கொச்சிஸோசமா தெஷிதா', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவரோ கடையில் ஒருவரோ வாசல் வரைக்கும் வருவார்கள், நீங்கள் தெருமுனை திரும்பும்வரை நின்று குனிந்துகொண்டிருப்பார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்து நீங்களும் தலை குனியுங்கள்.