நிலவில் குடியிருக்க எவ்வளவு செலவாகும்? ஒரு கேன் தண்ணீரிலிருந்து கணக்குப் போடலாம்

சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கத்தை விட்டு வெளியே வரும்போது என் அக்கா மகள் கேட்டாள்: “நிலவில் ஆட்கள் தங்க வீடு கட்டினால் கட்டுப்படியாகுமா, மாமா?” அன்றிரவு மொட்டை மாடியில் நாங்கள் இருவரும் போட்ட கணக்கு இது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு கேனுக்கு விலை போடுங்கள்

சமையலறையில் நிற்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் 20 கிலோ. நிலவின் தரையில் ஒரு கிலோ சரக்கை இறக்க அஸ்ட்ரோபாட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் அறிவித்த விலை 12 லட்சம் டாலர். ஆக, ஒரு கேனுக்கு 2.4 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 204 கோடி ரூபாய். சந்திரயான்-3 திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவே 615 கோடி ரூபாய்தான். மூன்று கேன்! இதை எழுதி முடித்ததும் இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

படி 2: நான்கு பேருக்கு ஓராண்டு

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆக்சிஜன் 0.84 கிலோ, குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் 3 கிலோ, உலர் உணவு உறையோடு ஏறத்தாழ 1 கிலோ. மொத்தம் 5 கிலோ என்று கொள்ளுங்கள். நான்கு பேருக்கு ஓராண்டுக்கு 7,300 கிலோ. 876 கோடி டாலர்.

படி 3: தண்ணீரைத் திரும்ப எடுங்கள்

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீரைக் குடித்த ஊர் இது. தொலைவிலிருந்து வரும் தண்ணீரை ஒரு தடவை பயன்படுத்திவிட்டுக் கொட்டக்கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம் எல்லாவற்றையும் சுத்திகரித்து, 98 சதவீதத் தண்ணீரை மீட்கும் நிலையை 2023-ல் எட்டினார்கள். அதே கருவி நிலவிலும் இயங்கினால் 3 கிலோ தண்ணீர் 60 கிராமாகச் சுருங்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ போதும். ஆண்டுச் செலவு 350 கோடி டாலராக இறங்குகிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த வரி இதுதான்.

படி 4: சுவரைச் சுமந்து போகாதீர்கள்

அங்கே கதிர்வீச்சைத் தடுக்கக் காற்று மண்டலம் இல்லை. தங்கும் கூடத்தின் மேல் நிலவின் மண்ணையே தடிமனாகப் போர்த்துவதுதான் மலிவான வழி. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகள் நிலவின் மேட்டுநிலப் பாறைகளை ஒத்தவை; அவற்றைப் பொடித்துத்தான் இஸ்ரோ சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணைத் தயாரித்தது.

மண் கிடைத்துவிடும், மின்சாரம் அப்படியல்ல. நிலவில் இரவு ஏறத்தாழ 14 நாள் நீளும். தென்துருவத்தை எல்லாரும் நாடுவதற்கு ஒரு காரணம் இது: அங்குள்ள சில மேடுகளில் வெயில் நீண்ட நாள் நீடிக்கும். நிழல் விலகாத பள்ளங்களில் பனிக்கட்டியும் இருக்கிறது.

படி 5: ஆட்களுக்கு டிக்கெட்

மனிதரை மீண்டும் நிலவுக்கு அனுப்பும் நாசாவின் ஆர்டெமிஸ் திட்டத்தின் முதல் நான்கு பயணங்களில், ராக்கெட்டுக்கும் ஓரியன் கலத்துக்கும் பயணமொன்றுக்கு 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் செலவுகளைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் 2021-ல் மதிப்பிட்டார். தரையிறங்கும் கலத்தின் செலவு தனி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றினால் ஆண்டுக்கு 820 கோடி.

படி 6: யார் கொடுப்பது?

350-ம் 820-ம் சேர்ந்து 1,170 கோடி டாலர். நாசாவின் ஆண்டு நிதி ஏறத்தாழ 2,500 கோடி. அதில் பாதியை நெருங்கிவிட்டோம். இன்னும் கட்டுமானம், மின்சாரம், தரையிறங்கும் கலம் எதையும் சேர்க்கவில்லை. 1966-ல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. இன்று அரை சதவீதம்கூட இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு நாசா ஆண்டுதோறும் சுமார் 300 கோடி டாலர் செலவிட்டு வருகிறது. 2000 நவம்பர் முதல் அங்கே ஆள் இல்லாத நாளே இல்லை. ஆகவே 350 கோடிச் சரக்குச் செலவை ஒரு நாடு தாங்கும் என்றே நம்புகிறேன். தாங்க முடியாதது டிக்கெட்தான்.

அந்த வரியை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். திரும்பத் திரும்பப் பறக்கும் ராக்கெட்டுகள் வந்தால் முதலில் மாறப்போவது அதுதான். அக்கா மகள் 410-ஐ அழித்துவிட்டு 100 என்று எழுதினாள். மொத்தம் 550 கோடியாகக் குறைந்தது. “மாமா, இன்னும் குறைத்துப் பார்க்கட்டுமா?” என்று மறுபடியும் ரப்பரை எடுத்தாள்.