லயன் மீன் வளர்ப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலர் மீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை கடல் மீன். பெங்களூருக்கோ சென்னை கொளத்தூருக்கோ போய்க் கடை கடையாகச் சுற்றும்போது, சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்டு, துடுப்புகளை விசிறி போல விரித்து நிற்கும் லயன் மீன் கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு மேல் கால் நகராது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. முறையாக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது. ஆனால் நாம் இருப்பது கடற்கரையே இல்லாத மாவட்டம். தண்ணீரிலிருந்து தீனி வரை எல்லாவற்றையும் நாமே உண்டாக்கித் தர வேண்டும். அந்த மீனின் விஷ முள்ளை நினைத்துப் பயப்படுகிறவர்கள்கூட இதை யோசிப்பதில்லை. சரி, முள்ளுக்காவது தயாராக இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் விரல் நீளக் குட்டி. அதைப் பார்த்து இரண்டடித் தொட்டி போதும் என்று நினைக்கிறோம். பரவலாகக் கிடைக்கும் வாலிட்டன்ஸ் வகை ஓர் அடியைத் தாண்டி வளரும். 35 சென்டிமீட்டர் சாதாரணம். அதற்கு 450 லிட்டர் தொட்டியாவது வேண்டும். தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர்ந்து அரை டன்னுக்கு மேல் எடை வரும் என்பதால், மாடி வீட்டில் வைப்பவர்கள் கட்டடம் கட்டிய மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ கேட்டுவிட்டு வைப்பது நல்லது. இடம் இல்லாதவர்கள் ஃபசி ட்வார்ஃப் போன்ற குட்டை வகையைத் தேடுங்கள். 15 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். 200 லிட்டர் போதும். அழகிலும் குறைச்சல் இல்லை.

அடுத்தது உப்பு. மளிகைக் கடைக் கல் உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான் என்றாலும் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் அதோடு உண்டு. அதற்கென்று விற்கும் மரைன் சால்ட் மிக்ஸைத்தான் வாங்க வேண்டும். கரைத்த தண்ணீரின் ஒப்படர்த்தி (சாதாரணத் தண்ணீரை 1 என்று வைத்துப் பார்க்கும் அடர்த்தி) 1.020 முதல் 1.025க்குள் நிற்கட்டும். அதை நாக்கில் வைத்துப் பார்த்தெல்லாம் சொல்ல முடியாது. அதை அளந்து காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் போர் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஃபுளோரைடு நினைவுதான். பல்லிலும் எலும்பிலும் அது செய்த பாதிப்பை இங்கே பார்க்காதவர்கள் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஃபுளோரைடு இயற்கையாக உண்டு. ஆகவே கடல் மீன் தொட்டிக்கு முதல் தலைவலி அது இல்லை. போர் தண்ணீரின் கடினத்தன்மையும், வயல்வெளிப் பக்கம் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டும்தான் தலைவலி. இந்தத் தண்ணீரில் சால்ட் மிக்ஸைப் போட்டால் மொத்தக் கணக்கும் தப்பும். பாசி அள்ளிக்கொண்டு வரும். ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதையும் நேராக ஊற்றக் கூடாது.

ஆர்.ஓ. தண்ணீர் பிடித்தால் போதுமே என்பீர்கள். போதும், ஒன்றைச் சரிபார்த்தால். வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில் குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையோ தாதுக்களையோ திரும்பக் கலக்கும் ஏற்பாடு இருக்கிறது. கேன் தண்ணீரும் பெரும்பாலும் அப்படித்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பாருங்கள். குடிப்பதற்கு 100 காட்டினால் நல்ல தண்ணீர், தொட்டிக்கு அது பத்துக்குக் கீழே, முடிந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மெஷின் பார்க்க வருபவரிடம் சொன்னால் அந்தக் கலப்பு வால்வை மூடி, தொட்டிக்கென்று தனிக் குழாய் எடுத்துத் தருவார்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீரையே ஊற்றுவது இன்னொரு தவறு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றும்போது மட்டும்தான்.

கோடையில் இது இன்னும் வேகமாகக் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். லயன் மீனுக்கு 24 முதல் 27 வரை நல்லது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். உப்புத் தண்ணீரில் அது முதலிலேயே குறைவு. மேற்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான், செலவைப் பார்க்கக் கூடாது. ஒசூர்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, ஆனால் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் எந்த ஊராக இருந்தாலும் கட்டாயம்.

தொட்டி கட்டிய வாரமே மீனை விடாதீர்கள். கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டட்டும்.

தீனியில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. லயன் மீன் அசையும் இரையைத்தான் முதலில் பார்க்கும். அதனால் மலிவாகக் கிடைக்கும் கோல்டு ஃபிஷ், கப்பி, ஏரியில் பிடித்த ஜிலேபிக் குஞ்சு என்று உயிரோடு போட்டுவிடுகிறார்கள். அது பாய்ந்து விழுங்குவதைப் பார்க்க வீட்டுக்கு ஆட்களை வேறு கூப்பிடுகிறார்கள். நல்ல தண்ணீர் மீனின் கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துவராது. காலப்போக்கில் ஈரல் கெடும். கோல்டு ஃபிஷில் இருக்கும் தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். மாதக்கணக்கில் நன்றாகத் தெரிந்த மீன் திடீரென்று சாவதற்கு இது ஒரு காரணம். கடல் இறாலும் கணவாயும்தான் சரியான தீனி. ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டு, நீளமான பிளாஸ்டிக் குச்சி முனையில் இறால் துண்டைச் செருகி, மீனின் முகத்துக்கு முன்னால் மெதுவாக ஆட்டுங்கள். முதலில் முறைத்துப் பார்க்கும், பின்வாங்கும், அப்புறம் ஒரே உறிஞ்சில் இழுத்துக்கொள்ளும். சமையலறையில் மஞ்சள்தூள் போட்டுக் கழுவிய இறாலை எடுக்காதீர்கள். தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும். எப்போதும் பசி என்பதுபோல்தான் நிற்கும், ஏமாறாதீர்கள்.

வாயில் நுழையும் எதையும் அது மீனாகப் பார்க்காது, இரையாகத்தான் பார்க்கும். க்ளவுன் மீனும் அழகு இறாலும் கூட வேண்டாம். துடுப்பைக் கடிக்கும் டிரிக்கர் மீனும் வேண்டாம். அலங்காரத்துக்கென்று யாராவது இயற்கைப் பவளம் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இனி முள். முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, பின்பக்க அடித்துடுப்பில் 3, ஆக 18 முட்களில் விஷம் உண்டு. பக்கவாட்டில் அகலமாக விரியும் அழகான துடுப்புகளில் விஷம் இல்லை. இந்த மீன் துரத்திவந்து குத்துவதில்லை. தலையைத் தாழ்த்தி முதுகு முட்களை உங்கள் பக்கம் திருப்பினால் அது எச்சரிக்கை; கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் குத்துப்படுவது தொட்டியைச் சுத்தம் செய்யும்போதுதான். பகலில் கல்லுக்கு அடியில் தலைகீழாக ஒட்டி நிற்கும் பழக்கம் அதற்கு உண்டு. மீன் எங்கே என்று பார்க்காமல் கல்லைத் தூக்கினால் உள்ளங்கை நேராக முள்ளில் போய் உட்காரும். கை விடுவதற்கு முன் மீனை நடுவில் ஒரு அக்ரிலிக் தடுப்பு வைத்து ஒதுக்குங்கள். நீளக் கைப்பிடி சுரண்டி வாங்குங்கள். சாதாரணக் கையுறையை முள் துளைத்துவிடும், அதை நம்பாதீர்கள். வலை போட்டால் முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நகர்த்திப் பிடிக்க வேண்டும். கடையிலிருந்து கொண்டுவரும்போதும் பஸ்ஸில் மடியில் கவர் வேண்டாம், மூடி போட்ட வாளிதான்.

குத்திவிட்டால்? தேள் கொட்டியதற்குச் செய்வதையெல்லாம் செய்யாதீர்கள். கயிறு கட்டி இறுக்குவது, பிளேடால் கீறுவது, சுண்ணாம்பு தடவுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். அந்த விஷம் ஒரு புரதம், சூட்டில் செயலிழக்கும். வெளியே தெரியும் முள் துண்டை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய வெந்நீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. குத்துப்பட்ட கைக்கு வலியில் சூடு தெரியாது, வெந்துபோகும். ஆகவே வேறொருவர் தன் கையை விட்டுப் பார்த்துச் சொல்லட்டும். ஆறினால் வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருங்கள். கரண்ட் இல்லாத நேரம் கீசர் உதவாது என்பதால், தொட்டியில் கைவைக்கும் நாளில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும்.

வலி முதல் ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், பல மணி நேரம் நீடிக்கும். குறைந்தாலும் டாக்டரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி வேண்டியிருக்கும், உள்ளே முள் ஒடிந்திருக்கலாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் வெந்நீருக்காகக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலோர ஊர் டாக்டர்களைப் போல இங்கே இந்தக் காயத்தை அடிக்கடி பார்த்திருக்க மாட்டார்கள். மீனின் படத்தை ஃபோனில் காட்டி, என்ன குத்தியது, எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதற்கென்று தனி விஷமுறிவு மருந்து கிடையாது. பாம்புக்கடிக்குப் போடும் மருந்து இதற்கு வேலை செய்யாது.

வளர்க்க முடியவில்லை என்றால் கிருஷ்ணகிரி அணையிலோ தென்பெண்ணையிலோ விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் அது துடித்துச் சாகும். வாங்கும்போதே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்டு வையுங்கள்.

மீன் செத்துப்போனாலும் முள்ளில் விஷம் இருக்கும். கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுங்கள். தோட்டம் இருந்தால் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டேப் சுற்றி, குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுத்து, உள்ளே விஷ முள் இருக்கிறது, திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.